பிள்ளைகள் வரையட்டும், நாம் பார்ப்போம்: வளரிளம் பருவத்தில் சர்க்கரை நோயும் கலைவழிக் கல்வியும்



சென்ற ஆண்டு நமது பகுதியைச் சேர்ந்த 15 வயது மாணவி ஒருவர் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஒன்பது வயதிலிருந்தே அவருக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் உண்டு. உடலுக்குப் போதிய இன்சுலின் கிடைக்காததால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிட்டது என்றார் மருத்துவர். அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை நலமாக வீடு திரும்பினார். ஆனால் ஊசி எப்படித் தவறியது என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. உம்மா கேட்டபோதும் மருத்துவர் கேட்டபோதும், "போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்ற ஒரே பதில்தான் வந்தது. எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னால், எந்த இடத்தில் போட வேண்டும் என்று எதைக் கேட்டாலும் பிசகாமல் சொன்னார். பாடம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

உண்மை வெளிவந்தது ஒரு படத்தின் வழியாக. நமது அறக்கட்டளைக் கூடத்தில் நடந்த பிள்ளைகளுக்கான அமர்வில், "உங்கள் ஒரு நாளை ஆறு கட்டங்களில் வரையுங்கள்" என்று சொல்லியிருந்தோம். அவர் வரைந்த நான்காவது கட்டத்தில் ஒரு வகுப்பறை. சுற்றிலும் முகமே இல்லாமல் கண்கள் மட்டும். நடுவில் ஜிப் இழுத்து மூடிய ஒரு பை. "இந்தப் பைக்குள்ளே என்னம்மா இருக்கு?" என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார். "ஊசி" என்றார். பல வாரங்களாக மதிய ஊசியை அவர் போடவே இல்லை. வகுப்பில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அவரும் பெற்றோரும் சம்மதித்ததால்தான், பெயர் சொல்லாமல் இதை இங்கே எழுதுகிறோம்.

சர்க்கரை நோய் உள்ள வளரிளம் பிள்ளைகளுக்குப் படம், கதை, நாடகம், கவிதை ஆகியவற்றின் வழியே கல்வி தருவது ஏன் தேவை, அதை எப்படிச் செய்வது என்பதைப் பெற்றோருக்கு விளக்கவே இக்கட்டுரை.

முதலில், நோயைப் பற்றிச் சில வார்த்தைகள்

சர்க்கரை நோய் என்றதும் நமக்கு வீட்டுப் பெரியவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கும் அது வரும். அதில் இரண்டு வகைகளை நாம் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகையில், உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இனிப்புத் தின்றதால் வந்தது அல்ல; பெற்றோரின் கவனக்குறைவால் வந்ததும் அல்ல. இவர்களுக்கு இன்சுலின்தான் உயிர். அடிக்கடி சிறுநீர் போவது, தணியாத தாகம், காரணமில்லாமல் எடை குறைவது, ஓயாத அசதி ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. குடும்ப வரலாறு, உடல் எடை, ஓடியாடாத வாழ்க்கை, உணவுப் பழக்கம் என்று பல காரணங்கள் இதில் சேர்கின்றன. முன்பு நடுவயதில் வந்த இது இப்போது பதின்ம வயதிலேயே தலைகாட்டுகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. அந்த வீடுகளில்தான் நம் பிள்ளைகளும் வளர்கிறார்கள்.

பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. இன்சுலின் முதன்முதலில் செலுத்தப்பட்டது 14 வயதுச் சிறுவனுக்குத்தான். கனடாவின் டொராண்டோ நகரில் 1922 ஜனவரியில், எலும்பும் தோலுமாய்க் கிடந்த லியனார்டு தாம்சன் என்ற அந்தச் சிறுவனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரியாகப் பலன் தரவில்லை. மருந்தை மேலும் தூய்மைப்படுத்திச் சில நாட்களில் மீண்டும் போட்டபோது சர்க்கரை இறங்கியது. அதன்பின் அவர் 13 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு முன்பு இந்நோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துவிடுவதே வழக்கம். இந்த வரலாற்றைக் கேட்கும்போது, ஊசியைப் பார்க்கும் பிள்ளைகளின் பார்வையே மாறுகிறது.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நமது அறக்கட்டளை மாணவர்களுக்குச் சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றை நடத்தியது. ஒலிபெருக்கி, பதாகை, சமோசா, தேநீர் எல்லாம் இருந்தன. திரையில் புண் வைத்த கால்களையும், விரல் அகற்றப்பட்ட பாதங்களையும் காட்டினோம். பேசியவர், "இனிப்பைக் குறைக்காவிட்டால் இதுதான் கதி" என்றார். முன்வரிசையில் முதல் வகை நோயுள்ள பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நண்பர்கள் எல்லோரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். அவன் எழுந்து போய்விட்டான். பிறகு நாம் நடத்திய எந்தக் கூட்டத்திற்கும் அவன் வரவில்லை.

அந்தப் பையனுக்கு நாம் கற்றுக்கொடுத்தது இரண்டு விஷயங்கள்: நோய் தன் குற்றம் என்பது ஒன்று, அதை மறைப்பதே நல்லது என்பது இன்னொன்று. இரண்டுமே தவறான பாடங்கள். இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

வளரிளம் பருவம் என்பது நண்பர்களைப் போலவே இருக்க ஆசைப்படும் வயது. தான் மட்டும் வேறு என்று தெரியக் கூடாது என்பதற்காக ஊசியைத் தவிர்க்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்த வயதில் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பொய்தான் பதிலாக வரும். அதே பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொன்னால், தன்னைப் பற்றிச் சொல்லாமலேயே தன் நிலையைச் சொல்லிவிட முடிகிறது. படத்தில் இருப்பது தானாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். அந்த மறைவு கொடுக்கும் தைரியம்தான் கலைவழிக் கல்வியின் பலம்.

மற்ற இடங்களில் நடந்தவை

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2011இல் 'தி பிக்கர் பிக்சர்' என்ற முயற்சி தொடங்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவர்களும், இளைஞர்களுக்கு மேடைக் கவிதை கற்றுத்தரும் 'யூத் ஸ்பீக்ஸ்' என்ற அமைப்பும் இதில் கைகோத்தன. இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் டீன் ஷில்லிங்கர் என்ற மருத்துவர். இளங்கவிஞர்களுக்கு முதலில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் பற்றிய பாடம் நடக்கும். பிறகு அவர்கள் தங்கள் வீட்டிலும் தெருவிலும் கண்டதைக் கவிதையாக எழுதுவார்கள். அவை குறும்படங்களாகி உயர்நிலைப் பள்ளிகளில் காட்டப்பட்டன.

"நீ ஏன் இப்படிச் சாப்பிடுகிறாய்?" என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் காய்கறிக் கடை ஏன் இல்லை, குளிர்பானம் ஏன் இவ்வளவு மலிவு, விளம்பரம் ஏன் எங்களையே குறிவைக்கிறது என்று கேட்டார்கள். தாத்தா பாட்டியின் நோயைப் பற்றியும் பேசினார்கள். அவற்றைப் பார்த்த மாணவர்களிடையே, இந்நோய்க்குச் சூழலும் ஒரு காரணம், இதைத் தடுக்க முடியும் என்ற புரிதல் கூடியதாக ஆய்வு காட்டியது. குற்றவாளியாக நிறுத்தப்பட்ட பிள்ளை, கேள்வி கேட்கும் பிள்ளையாக மாறுவது எவ்வளவு பெரிய மாற்றம்!

இன்னொன்று, 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. சர்க்கரை நோயுள்ள 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, இந்நோயுள்ள இரண்டு யானைகள் கதாநாயகர்களாக வரும் வீடியோ விளையாட்டு தரப்பட்டது. மற்றவர்களுக்குச் சாதாரண விளையாட்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, யானை விளையாட்டை ஆடியவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்வதில் முன்னேறியிருந்தார்கள். நோயைப் பற்றிப் பெற்றோரிடம் பேசுவதும் அவர்களிடம் கூடியிருந்தது. பெற்றோர் இந்த இரண்டாவது பலனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நமது கூடத்தில் செய்பவை

இதற்குப் பெரிய செலவு இல்லை. தாள், பென்சில், வண்ணக்கட்டி, பெரியவர்களின் பொறுமை ஆகியவை போதும்.

முதலாவது, ஆறு கட்டச் சித்திரக் கதை. காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஒரு நாள். அழகாக வரைய வேண்டியதில்லை. குச்சி மனிதர்கள் போதும். ஒரு மாணவர் தன் வீட்டில் குளிர்பெட்டி இல்லாததையும், இன்சுலினை மண்பானைக்குள் வைப்பதையும் வரைந்தார். ஈர மண்பானையின் குளிர்ச்சி வெயில் காலத்தில் இன்சுலினைக் காக்க உதவும் என்பதை அன்று மற்றப் பெற்றோரும் தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது, புகைப்படம். 1990களில் சீனாவின் யுன்னான் மாநிலக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, "உங்கள் வாழ்க்கையை நீங்களே எடுத்துக் காட்டுங்கள்" என்றார்கள் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள். அந்த முறையை இன்று உலகெங்கும் நலக்கல்வியில் பயன்படுத்துகிறார்கள். நமது பிள்ளைகள் வீட்டுக் கைப்பேசியில் ஒரு வாரம் படம் எடுத்தார்கள். பள்ளி வாசலில் உள்ள கடை, விருந்து ஸஹன், பூட்டிக் கிடக்கும் விளையாட்டுத் திடல் எல்லாம் வந்தன. திடலைத் திறக்கக் கோரும் மனுவுடன் அந்தப் படத்தையே இணைத்துக் கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது, சர்க்கரைக் கணக்குப் பலகை. சாதாரணக் கோலா பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 11 கிராம் சர்க்கரை உண்டு. அப்படியென்றால் 250 மில்லி பாட்டிலில் ஆறு தேக்கரண்டிக்கு மேல். பிள்ளைகளே பாட்டிலின் பின்புறம் படித்து, அவ்வளவு சர்க்கரையைச் சிறு பொட்டலமாகக் கட்டி அட்டையில் ஒட்டுகிறார்கள். 2025இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரியவர்கள் எழுதி மாட்டிய பலகையைவிடத் தன் கையால் எடைபோட்டு ஒட்டிய பொட்டலம் பிள்ளையின் மனதில் அதிக நாள் நிற்கிறது.

நான்காவது, மசலா. இது நமக்குச் சொந்தமான வடிவம். கேள்வியும் பதிலுமாகச் செல்லும் இலக்கிய வகை இது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலாதான் இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய நூல்களில் மிகப் பழமையானது. அந்தக் கேள்வி பதில் முறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஓர் அணி கேட்கும்; மறு அணி இரண்டு வரியில் பதில் கட்டும். "ஊசிக்குப் பதில் மாத்திரை போதாதா?" என்று ஒருவர் கேட்டார். இன்சுலின் ஒரு புரதம், வாய் வழியே போனால் வயிறு அதைச் செரித்துவிடும் என்று பதில் வந்தது. "கருஞ்சீரகம் சாப்பிட்டால் ஊசியை நிறுத்தலாமா?" என்றது அடுத்த கேள்வி. அவை அமைதியாகிவிட்டது. பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி அல்லவா அது! வந்திருந்த மருத்துவர் பதிலுக்கு உதவினார். உணவில் சேர்ப்பது வேறு, ஊசியை நிறுத்துவது வேறு. முதல் வகை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

ஐந்தாவது, சிறு நாடகம். இசைக்கருவி இல்லை, வேடமும் இல்லை. கூடத்தின் நடுவில் இரண்டு நாற்காலி போட்டால் அரங்கம் தயார். இதில் ஒரு விதி உண்டு: பிள்ளைகள் பெற்றோராக நடிக்க வேண்டும், பெற்றோர் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். ஒரு வாப்பா தன் மகனாக நடித்தபோது, "இன்னிக்குச் சுகர் எவ்வளவு? ஏன் இவ்வளவு? என்ன தின்னே?" என்று மகன் அவரை மூன்று முறை விரட்டினான். நான்காம் முறை அந்த வாப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. "நான் இப்படித்தான் கேக்குறேனா?" என்றார். அவர்கள் வீட்டில் அன்றிலிருந்து முதல் கேள்வி, "சாப்பிட்டியா வாப்பா?" என்று மாறியிருக்கிறதாம்.

ரமழானுக்கு முன் ஒரு நாடகம்

நோன்பு மாதம் நெருங்கும்போது இந்த அமர்வுகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நண்பர்கள் நோன்பு வைக்கும்போது தான் மட்டும் வைக்காமல் இருப்பதை எந்தப் பிள்ளையும் விரும்புவதில்லை. அதனால் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைத்து, மயக்கம் வந்தாலும் சொல்லாமல் மறைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொள்வது ஈமானில் குறை ஆகாது. இதை ஹஜ்ரத் அவர்களே பிள்ளைகளிடம் நேரில் சொன்னபோது பலர் முகத்தில் நிம்மதியைக் கண்டோம்.

நோன்பு வைக்கலாமா என்பதை ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். வைக்க அனுமதி கிடைத்தவர்களும் பகலில் பலமுறை இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். அளவு 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும், அல்லது உடல் நடுங்கி வியர்த்துத் தலைசுற்றினாலும், நேரம் பார்க்காமல் நோன்பை முறித்துவிட வேண்டும். மஃக்ரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றாலும் காத்திருக்கக் கூடாது. சர்க்கரை குறைந்தவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும்.

இதையெல்லாம் பட்டியலாகச் சொன்னால் மறந்துபோகும். "மஃக்ரிபுக்குப் பத்து நிமிடம்" என்ற நாடகத்தைப் பிள்ளைகளே உருவாக்கினார்கள். நடுங்கும் தம்பியைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம்தானே, பொறுத்துக்கோ" என்று சொல்லும் ராத்தா அதில் வருகிறார். பார்த்துக்கொண்டிருந்த சிறு பிள்ளைகள் எழுந்து, "கொடுங்க, சர்க்கரைத் தண்ணி கொடுங்க!" என்று கத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் இனி மறக்கமாட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை

கலை மருந்துக்கு மாற்று அல்ல. ஊசி, உணவு, உடற்பயிற்சி, பரிசோதனை நான்கும் மருத்துவர் சொன்னபடியே தொடர வேண்டும்.

ஒவ்வோர் அமர்விலும் மருத்துவரோ செவிலியரோ உடனிருக்க வேண்டும். பிள்ளைகள் கதையில் தவறான தகவல் வந்தால், கதையைக் கெடுக்காமல் தகவலை மட்டும் திருத்த வேண்டும்.

போட்டி வைக்காதீர்கள், முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு என்று வந்தால் பிள்ளை நமக்குப் பிடித்ததை வரையும். தன் மனதில் உள்ளதை வரையாது.

பிள்ளையின் அனுமதி இல்லாமல் எந்தப் படத்தையும் சுவரில் ஒட்டக் கூடாது, வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கூடாது. நம்பி வரைந்த பிள்ளையின் படம் மறுநாள் உறவினர் கையில் இருந்தால், அந்தப் பிள்ளை மறுபடி பென்சிலை எடுக்காது.

ஒரு படத்தில் மிகுந்த துயரமோ, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ தெரிந்தால் அதை "சும்மா வரைந்தது" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

கடைசியாக, நாம் பேசத் தயங்கும் ஒன்று. பெண் பிள்ளைக்குச் சர்க்கரை நோய் என்றால் வீட்டில் முதலில் வரும் பேச்சு, "வெளியே தெரிய வேண்டாம், நாளைக்கு நிக்காஹ் பேசணும்" என்பதுதான். பெற்றோரின் கவலை நமக்குப் புரிகிறது. ஆனால் ஒன்பது வயதிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வகுப்பில் பையைத் திறக்காததில் என்ன வியப்பு? நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார். நோயை நன்கு கட்டுக்குள் வைத்திருக்கும் பெண் படிக்கலாம், வேலை பார்க்கலாம், மணம் முடிக்கலாம், மருத்துவக் கண்காணிப்புடன் பிள்ளையும் பெறலாம். மறைத்து வைத்த நோய்தான் இவற்றுக்கெல்லாம் தடையாகும்.

எனவே, குறைந்தது பள்ளி வகுப்பாசிரியருக்கும் நெருங்கிய தோழி ஒருவருக்கும் சொல்லிவையுங்கள். சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.

நாம் தொடக்கத்தில் சொன்ன மாணவியின் உம்மா, அந்த நான்காவது கட்டத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைத் திட்டவில்லை. மறுநாள் மகளுடன் பள்ளிக்குப் போய் ஆசிரியையைச் சந்தித்தார். இப்போது அந்த மாணவி ஆசிரியர் அறையில் மதிய ஊசி போட்டுக்கொள்கிறார். கூடவே அவருடைய தோழியும் போகிறார்.

இன்ஷா அல்லாஹ், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை இந்த அமர்வு நமது கூடத்தில் தொடரும். நோயுள்ள பிள்ளைகள் மட்டுமின்றி, 12 முதல் 18 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் வரலாம். அப்போதுதான் யாருக்கு நோய் என்று யாரும் சுட்ட முடியாது. பெற்றோரில் ஒருவர் உடன் வர வேண்டும். கட்டணம் இல்லை. ஒரு பென்சில் மட்டும் கொண்டு வாருங்கள். தாள் நாங்கள் தருகிறோம்.

– செயலாளர், நிர்வாகக் குழுவின் சார்பில்